ஆறடி மண்ணுக்கு ஒரு தீர்மானம்

தவமணி அம்மாள் சாவதற்கு முன்னால் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்ள வந்துட்டாரா? வந்து ஒரு ஜெபம் பண்ணச் சொல்லு."

மாப்பிள்ளை வரவில்லை. "கமிட்டி முடிஞ்சதும் வாரேன்" என்று சொல்லி அனுப்பினார். சபையின் அறுப்புப் பண்டிகைக்கு யார் பந்தல் போடுவது என்று அந்தக் கமிட்டியில் அப்படி ஒரு சண்டை. சனிக்கிழமை விடிவதற்குள் அந்த அம்மாள் கண்ணை மூடிவிட்டாள். போன வாரம் இதைப் படித்துவிட்டு ஜெபகுமாரைத் திட்டியிருப்பீர்கள். நன்றாகத் திட்டுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜெபகுமாருக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே அணு ஆராய்ச்சி ஆபீசில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரம் இருக்கிற புதுமேட்டில் தூய யோவான் ஆலயத்துக்குப் பதினோரு வருஷமாகச் செகரட்டரி. அந்த நாற்காலி மேல் அவருக்கு இருக்கிற பிரியம் பெண்டாட்டி மேல்கூடக் கிடையாது. பெண்டாட்டி ரெபேக்காள் புதுமேட்டுப் பெண். அவள் தம்பி அரசு, மாமல்லபுரம் ரோட்டில் வேன் ஓட்டுகிறவன். இந்த இரண்டு பேரையும் பெற்றவள்தான் செத்துப்போன தவமணி அம்மாள்.

வினைக்கு விதை மூன்று வருஷம் முன்னால், தொண்ணூற்றொன்பதில் விழுந்தது. தவமணி அம்மாள், சபைக்கு வெளியே தனியாக ஜெபக்கூட்டம் நடத்துகிற ஜெபவீட்டுக்காரர்களோடு பஸ் ஏறி முட்டுக்காட்டுக்குப் போய், காயல் தண்ணீரில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்தாள். சின்னக் குழந்தையில் பாதிரி ஐயர் தலையில் தெளித்த தண்ணீர் போதாதா என்று புதுமேடு கொதித்தது. அடுத்த ஞாயிறே ஜெபகுமார் தன் முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு தீர்மானம் எழுதினார். முழுக்கு எடுத்தவர்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. தோட்டத்துச் சாவி செகரட்டரியிடம் இருக்கும்.

தோட்டத்தில் தவமணி அம்மாளின் புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருபது வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. சாவி ஜெபகுமாரின் சட்டைப் பையில் கிடக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு ரெபேக்காள் தம்பி வீட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். ஜெபகுமார் ஹாலில், கமிட்டித் தீர்மானங்கள் எழுதுகிற மினிட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். டிவி மேல் வேதப்புத்தகம். அதன் மேல் கமிட்டி நோட்டீஸ் ஒரு கட்டு.

"சாவியக் குடுங்க. தேசப்பன் குழி வெட்ட வந்து நிக்கிறாரு. மூணு மணிக்கு எடுக்கணும்."

"எடுக்கட்டும். யாரு வேண்டாம்னா? சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஜெபவீட்டுக்காரங்களுக்குத் தனி இடம் இருக்கு. வண்டி நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"எங்கப்பா இங்க கீறாரு."

"ரெபேக்கா, புரிஞ்சுக்கோ. மருமகனா நான் எவ்வளவு வேணா அழுவேன். செகரட்டரியா அந்தக் கேட்டைத் தொறக்க முடியாது. தீர்மானம் தீர்மானம்தான்."

"யாரு எழுதன தீர்மானம்?"

"சபை."

"கையெழுத்து யாருது?"

ஜெபகுமார் புத்தகத்தை மூடினார். "இன்னும் ரெண்டு வாரத்துல சபை எலெக்ஷன். இன்னைக்கு மாமியாருக்குத் தொறந்தேன்னு வையி, சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு நாளைக்கு நோட்டீஸ் அடிப்பானுவ. பதினோரு வருஷம் கஷ்டப்பட்டது எல்லாம் போச்சு."

அப்படி வாருங்கள் வழிக்கு! தீர்மானமும் இல்லை, தெய்வ பயமும் இல்லை. நாற்காலி.

ரெபேக்காளுக்கும் அது புரிந்துவிட்டது. "ஒண்ணு கேக்கறேன். நம்ம வூட்ல குடும்ப ஜெபம் பண்ணி எத்தினி நாளாச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாலு வருசம். நான் எண்ணிகினு கீறேன். சாயங்காலம் ஆனா கமிட்டி, ஞாயித்துக்கெழம ஆனா கணக்கு, வழக்கு, சண்ட. கர்த்தர்கிட்ட பேச உங்களுக்கு அஞ்சு நிமிசம் கெடையாது. கர்த்தரோட தோட்டத்துக்குப் பூட்டுப் போட மட்டும் முதல் ஆளா வந்து நிக்கறீங்க."

அடி விழுந்தது. புறங்கையால், வாயோடு சேர்த்து. கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே முதல் அடி. ரெபேக்காள் தடுமாறி டிவி ஸ்டாண்டில் மோத, நோட்டீஸ் கட்டு சரிந்து தரையெல்லாம் பரவியது. கீழ் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

ஜெபகுமார் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்தின் மிச்சத்தை நான் எழுத வேண்டியிருக்காது. அவர் குனிந்து நோட்டீஸைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ரெபேக்காள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். செருப்புப் போடக்கூட மறந்துபோனாள்.

அரசு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள் மீன் விற்கிற முனியம்மா. தவமணி அம்மாளோடு முப்பது வருஷப் பழக்கம். நெற்றியில் இத்தனை பெரிய குங்குமத்தோடு ஜெபவீட்டு வாசலில் தோழிக்காகக் காத்திருந்து கூட்டிப் போகிறவள். இன்றைக்கு அவள் கூடையே தூக்கவில்லை.

ரெபேக்காளைப் பார்த்ததும் விசிறி நின்றது. "இன்னாம்மா இது, ஒதடு வீங்கிக் கீது?"

"கதவு இடிச்சிகிச்சி, அத்தே."

"யாருகிட்ட சொல்ற? நானும் ஒருத்தனக் கட்டிகினு வாழ்ந்தவதான். அந்தக் கதவு எப்டி இடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பெட்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த அரசு எழுந்து வந்தான். "மாமா அட்ச்சாரா?"

ரெபேக்காள் குனிந்து அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"சொல்லுக்கா. அட்ச்சாரா?"

"மொதல்ல அம்மாவ எடுப்போம்டா. அப்பால பேசிக்கலாம்."

"அப்பாலன்னு ஒண்ணு கெடையாதுக்கா." அவன் கண் சிவந்துவிட்டது. "எங்கம்மா சாவும்போது வரல. செத்தப்பறம் எடம் இல்லன்றாரு. இப்ப ஒன் மேல கைய வெச்சிக்கீறாரு. இன்னா, நாமல்லாம் அவரு ஸ்டோர்ஸ்ல கெடக்கற சாமானா?"

அரசுவின் பெண்டாட்டி ரஞ்சிதா அவன் கையைப் பிடித்தாள். "வோணாம்யா. பொணத்த வெச்சிகினு சண்ட வோணாம். ஜெபவீட்டுப் பாஸ்டரு வேற எடம் பாக்கலாம்னு சொல்றாரே."

"எங்கப்பா பக்கத்துலதான் எங்கம்மா. வேற பேச்சு கெடையாது."

மூலையில் தேசப்பன் வைத்திருந்த கடப்பாரையை அவன் எடுத்தான். குழி வெட்டுகிற தேசப்பன் பதறினான். "எப்பா, அது குழிக்கு வெச்சிருக்கறதுபா."

"இன்னிக்கி அதுக்கு ரெண்டு வேல."

மூன்று மணிக்குப் பெட்டி கிளம்பியது. ஆறு பேர் தூக்கினார்கள். போதகர் மதுராந்தகத்துச் சபைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இந்தச் சண்டை தெரிந்தேதான் திரும்பவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. பாட்டுப் பாடிக்கொண்டு வந்த ஜெபவீட்டுப் பெண்கள், தோட்டத்துச் சுவர் தெரிந்ததும் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

இரும்பு கேட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஜெபகுமார், மடியில் மினிட் புத்தகம். பின்னால் கமிட்டிக்காரர்கள் நாலு பேர். கேட்டில் கைமுட்டி அளவு பெரிய பித்தளைப் பூட்டு.

"பெட்டியக் கீழ வெக்காதீங்க" என்றான் அரசு, தூக்கினவர்களைப் பார்த்து. "அஞ்சு நிமிசம்." பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினான். "மாமா, நவுருங்க."

"அரசு, சட்டத்தக் கையில எடுக்காத. தீர்மானத்தை வாசிச்சுக் காட்டுதேன், கேளு."

"வாசிங்க. எங்க அக்கா ஒதட்டக் கிழிக்கறதுக்கு எந்தப் பக்கத்துல தீர்மானம் போட்டீங்க? அதையும் சேத்து வாசிங்க."

கமிட்டிக்காரர்கள் திரும்பி ஜெபகுமாரைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது. கோபம் வந்தால் இந்த மனுஷனுக்குப் பாளையங்கோட்டை நாக்குக்கு வந்துவிடும். "ஏலேய்! வாய அடக்கிப் பேசு. என் வீட்டு விஷயம் அது."

"எங்கம்மா எங்க வூட்டு விசயம்!"

அரசு நாற்காலியை ஒரு உதை விட்டான். ஜெபகுமார் மணலில் உருண்டார். கமிட்டிக்காரர்கள் பாய்ந்தார்கள். ஒருத்தன் அரசுவின் சட்டையைப் பிடித்து இழுக்க, அது முதுகோடு கிழிந்தது. இன்னொருத்தன் வயிற்றில் குத்தினான். அரசு முழங்கையால் அவன் மூக்கை உடைத்துவிட்டு, திமிறிக்கொண்டு போய்ப் பூட்டின் மேல் கடப்பாரையை இறக்கினான். ஒன்று. இரண்டு. பூட்டு நெளிந்தது, திறக்கவில்லை.

மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கும்போது ஜெபகுமார் எழுந்து ஓடிவந்து பூட்டின் மேல் கையை வைத்தார். "என் கைய ஒடச்சிட்டுத் தொறலே, பாப்போம்!"

அரசு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை.

எலும்பு உடைந்த சத்தம் பெட்டி தூக்கினவர்கள் வரைக்கும் கேட்டது. அக்காவை அடித்த அதே வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது. ஜெபகுமார் அலறிக்கொண்டே இடது கையை வீசினார். அது பக்கத்தில் நின்ற தேசப்பனின் தோளில் இருந்த மம்பட்டியைப் பிடித்தது. பிடுங்கின வேகத்திலேயே சுழற்றினார். மம்பட்டியின் பின்பக்கம் அரசுவின் காதுக்கு மேலே இறங்கியது.

அரசு "யக்கா" என்றான். அவ்வளவுதான். முழங்கால் மடங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டே சரிந்து, கம்பியில் ரத்தத்தை இழுத்துவிட்டு, மண்ணில் குப்புற விழுந்தான்.

பெட்டி தூக்கினவர்களில் நாலு பேர் பெட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த பெட்டியைப் பெண்கள் கூடிப் பிடித்தார்கள்.

"தூத்தேறி!" முனியம்மா கத்தினாள். "செத்த பொம்பளய நட்டநடு ரோட்ல போட்டுட்டு அட்ச்சிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களாடா? இதுக்கா தெனம் மணி அடிச்சி சாமி கும்பிடறீங்க?"

ரஞ்சிதா புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அரசுவின் கூட்டாளி தாமோதரன் வேனைக் கொண்டுவந்தான். நாலு பேர் சேர்ந்து அரசுவைத் தூக்கிப் போட்டார்கள். அவன் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ரெபேக்காள் வேனில் காலை வைத்தாள். ரஞ்சிதா அவளைத் தள்ளினாள்.

"நீ வராத அண்ணி. அத்தய யாரு பாக்கறது? ரோட்ல கெடக்குதே!"

வேன் செங்கல்பட்டுப் பக்கம் பறந்தது. ரெபேக்காள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

அவள் ரோட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் புருஷன், உடைந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து. மினிட் புத்தகம் மணலில் குப்புறக் கிடந்தது. அதை எடுத்து மண்ணைத் தட்டினாள். அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"எழுதுங்க."

"என்ன?"

"இடது கையால எழுதுங்க. எடம் கெடையாதுன்னு பேரு எழுதுவீங்க இல்ல? இன்னொரு பேரு விட்டுப்போச்சி. ரெபேக்காள். கணவர் பேரு ஜெபகுமார்."

ஜெபகுமாருக்குப் புரியவில்லை. கமிட்டிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கி முட்டுக்காட்டுல எங்கம்மா தனியா எறங்கல. அவங்க கையப் புடிச்சிகினு நானும் எறங்கனேன். செங்கல்பட்டுல துணி எடுக்கப் போறேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். தல ஈரத்தோட வந்தேன். ஏன் தலைக்குக் குளிச்சேன்னு கூட நீங்க கேக்கல. கமிட்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

"ரெபேக்கா..."

"எதுக்குப் போனேன்னு கேளுங்க. சண்டைக்கா போனேன்? நம்ம சபைய விட்டுடணும்னா? வூட்ல ஜெபம் நின்னுபோச்சிங்க. ராத்திரி நீங்க தூங்கறீங்க, நான் மட்டும் முழிச்சிகினு, ஆண்டவரே இன்னா சொல்றதுன்னே தெரியலியேன்னு கெடந்தேன். எங்கம்மா எனக்குத் திரும்ப ஜெபம் பண்ணக் கத்துக்குடுத்தாங்க. மூணு வருசமா தெனம் உங்க பேரச் சொல்லித்தான் ரெண்டு பேரும் முடிப்போம். எழுதுங்க. நான் செத்தாலும் இங்க எடம் கெடையாது. செகரட்டரி பொண்டாட்டிய எங்க பொதைக்கறதுன்னு இப்பவே தீர்மானம் போட்டுடுங்க."

அவள் பேனாவை அவர் மேல் எறிந்தாள். அது பட்டுக் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

ஜெபகுமார் இடது கையைச் சட்டைப் பையில் விட்டுச் சாவியை எடுத்தார். தத்தித் தத்திக் கேட்டுக்குப் போனார். பூட்டில் சாவியை நுழைத்தார். பாதிதான் போனது. திருப்பினார். திரும்பவில்லை. அரசு அடித்த அடியில் பூட்டு நெளிந்து அதன் வாய் கோணிவிட்டிருந்தது. திருகினார், ஆட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினார். சாவி இரண்டாக ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

காலடியில் கடப்பாரை கிடந்தது. அவர் ஒற்றைக் கையால் அதைத் தூக்கினார். மூன்று வருஷம் காத்த பூட்டைச் செகரட்டரி தானே அடித்தார். குறி தவறித் தவறி, ஒவ்வோர் அடிக்கும் உடைந்த கை ஆடி வலியில் கத்திக்கொண்டு அடித்தார். உதவிக்கு ஒருத்தரும் போகவில்லை, ரெபேக்காளும் போகவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ அடியில் பூட்டு தெறித்தது.

தேசப்பன் மம்பட்டியில் இருந்த ரத்தத்தை மணலில் தேய்த்துத் துடைத்தான். மணல் பூமி, கமிட்டிக்காரர்களும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். அரை மணிக்குள் குழி ஆயிற்று. அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா இறங்கினாள்.

"போதகரு இல்ல. யாரு ஜெபம் பண்றது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரெபேக்காள் புருஷனைப் பார்த்தாள். "எங்கம்மா நேத்து கேட்டது பாக்கி கீது. பண்ணுங்க."

ஜெபகுமார் குழி ஓரத்தில் முழங்காலில் விழுந்தார். மேடை ஏறினால் இரண்டு மணி நேரம் இறங்காத மனுஷன். "சபையார் சார்பாக..." என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார். கடல் காற்றில் பெண்கள் முந்தானை படபடத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆண்டவரே..." குரல் யாருடையதோ போல இருந்தது. "எனக்கு வரல, ஆண்டவரே. உம்மகிட்ட பேசி ரொம்ப நாளாச்சு. என்ன சொல்லணும்னே மறந்துட்டு. இந்தக் கை ரெண்டாலயும் அடிச்சிட்டேன். ஒண்ணால இவள, ஒண்ணால அவன. நாற்காலி வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். அந்தப் பயல மட்டும் உயிரோட குடும். அவன் கால்ல விழுதேன். அவன மட்டும் குடும், ஆண்டவரே..." அதற்கு மேல் அழுகை. ஆமென் சொல்ல அவரால் முடியவில்லை. ரெபேக்காள்தான் சொன்னாள்.

ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். முனியம்மாவும் போட்டாள். தேசப்பன் மண்ணைத் தள்ளி மேடு கட்டினான். ரெபேக்காள் முதன்முறையாகப் புருஷனின் உடைந்த கையைப் பார்த்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வேன் சத்தம் கேட்டது.

தாமோதரன் வேன்தான். ரெபேக்காளின் கை நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்தைந்து. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மட்டுமே முக்கால் மணி வேண்டும். திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. இந்த நேரத்துக்கு வேன் இங்கே வரக் கூடாது.

வேன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. தாமோதரன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின் கதவை யாரும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து ரஞ்சிதாவின் சத்தமும் இல்லை.

ஜெபகுமார் பாதிக் கட்டோடு கையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

தேசப்பன் வேனைப் பார்த்தான். கட்டி முடித்த மேட்டைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சார்... மம்பட்டியக் கீழ வெக்கட்டுமா, வோணாமா?"